ஒரு சோறு போதாதுங்க
கோவண்டிக்கு வந்தும் ஊர்ப் பழமொழி விடமாட்டேங்குது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஏரிச் சேற்றுக்கு இது சரிப்படாதுங்க.

1891-ல் கட்டின பவாய் ஏரியையே எடுத்துக்குங்க. குழாயை வேகமா இறக்கினா, முன்னால தள்ளப்படுற தண்ணியே மேல் சேற்றை விரட்டிடும். அந்தக் கூழ்தான் சமீப வருஷங்களோட கணக்கு! உள்ளே போன மண்ணும் உராய்வுல நசுங்கி நீளம் குறையும். 1963-ல் உச்சத்துக்குப் போன அணுகுண்டுச் சோதனைச் சீசியம்-137-ன் தடம் ஆழம் மாறித் தெரியும்; வண்டல் சேர்ற வேகமும் தப்பாயிடும்.

என் கட்சி இதுதான்: மெதுவா இறக்கணும். கரையோரம், நடு, ஓடை வாய்னு பல இடத்துல எடுக்கணும். குழாய் இறங்கின ஆழம், கிடைச்ச மண்ணோட நீளம் ரெண்டையும் எழுதணும். இல்லேன்னா நேத்து விழுந்த கழிவு கணக்கிலேயே வராது. "ஏரி சுத்தம்"னு கையெழுத்து விழுந்துடும்.

நீங்க என்ன சொல்றீங்க?