வங்காலையில் ஒரு நடை



வீடு, கிணற்றடி, சங்கக்கடை, கச்சேரி. எங்களில் பலருடைய நடை இவ்வளவுக்குள் சுருங்கிவிட்டது. அலுவல் இல்லாமல் நடக்க மனம் கூசுகிறது. கணவனை இழந்தவள் என்றால் ஊர்ப்பேச்சுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.

சென்ற ஐப்பசிக் கடைசியில் எமது பெண்கள் குழுவில் ஏழு பேருடன் மன்னார், வங்காலைக்குப் போனேன். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. வட ஆசியாவில் குளிர் தொடங்கியதும் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இங்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும்.

"இதுகளும் எங்களைப்போல இடம்பெயர்ந்து வாறதுகள்தான். ஆனால் ஒவ்வொரு வருசமும் ஊருக்குத் திரும்பிப் போகுதுகள்" என்றார் ஓர் அக்கா. ஒருவரும் பேசவில்லை. சற்று நேரத்தில் அவரே வேலியோரத்துக் கார்த்திகைப் பூவைக் காட்டினார். கோடையில் கொடி பட்டுப்போனாலும், மழை விழ மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு முளைத்துவிடும். அந்தக் கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நீங்களும் மாதத்தில் ஒருநாள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடந்து பாருங்கள். சனம் புழங்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால், எவ்வளவு அழகான பூவென்றாலும் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம்.

எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டால், "குருவி பார்க்க" என்று சொல்லுங்கள். அதுவும் ஓர் அலுவல்தான்.