பெற்றோர் சம்மதமும் ஆசிரியர் பிரம்பும்

காஞ்சிபுரம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

பிள்ளைகளை அடித்துத் திருத்தலாமா, கூடாதா என்னும் விவாதம் நம் மாநிலத்தில் சட்டத்தளவில் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், தறியோசை ஓயாத பிள்ளையார்பாளையத்து வீதிகளிலும், கோயில் மதிலோரத்துத் தெருக்களிலும், நகரைச் சூழ்ந்த கிராமங்களிலும் அது இன்னும் முடியாமலே இருப்பதனால், அதனை முடித்துவைக்கும் அதிகாரம் படைத்த தங்களுக்கு இம்மடலை எழுதத் துணிந்தேன். எந்தப் பள்ளியின்மீதும் எந்த ஆசிரியர்மீதும் புகார் கூறுவது என் நோக்கமன்று. சட்டம் ஒரு பக்கமும் வழக்கம் மற்றொரு பக்கமுமாக நிற்பதற்கு மூலகாரணம் என்று நான் கருதும் ஒன்றை, அதாவது பெற்றோராகிய நாங்கள் பிரம்புக்குக் கொடுத்துவரும் சம்மதத்தை, தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே என் நோக்கம்.

சட்டத்தில் குறையில்லை. பள்ளியிலிருந்து உடல் தண்டனையை அறவே விலக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறிற்று. குழந்தைகளை எல்லாவித வன்முறையிலிருந்தும் காக்கக் கடமைப்படுத்தும் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் பிரம்படியை அனுமதித்த பழைய விதிகளைச் செல்லாதனவாக்கிற்று. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு, திருத்துவதன் பெயரால் உடலுக்கோ உள்ளத்துக்கோ வேதனை தருவது தடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் அடியையும் மனத்துன்பத்தையும் ஒருங்கே விலக்கி, மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டென்றும் விதித்தது. இவ்வளவுக்கும் பிறகு, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளை ஒவ்வொரு பள்ளியிலும் நடைமுறைப்படுத்துமாறு 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்ததென்றால், முன்னே இயற்றப்பட்ட விதிகள் வகுப்பறையின் வாசற்படியைத் தாண்டவில்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. இந்நிலை புதியதன்று: மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் நூற்றுக்கு 65 பேர் தாம் உடல் தண்டனைக்கு ஆளானதாகக் கூறினார்கள்.

விதிகளை வாசலில் நிறுத்திவைப்பது எது? பிள்ளையை முதன்முதல் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே, "கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்" என்று தகப்பன் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருகிறான். "அடியாத மாடு படியாது" என்று பாட்டி வீட்டில் முடித்துவைக்கிறாள். பிள்ளை வீங்கிய கையோடு வந்து நின்றால், "நீ என்ன செய்தாய்?" என்பதே அதற்குக் கிடைக்கும் முதல் கேள்வி. இவற்றைச் சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். விடியுமுன் தறிக்குழியில் கால் இறக்கி, இருட்டிய பின்பு எழுந்து, பட்டு விலையும் சரிகை விலையும் ஏற ஏறத் தன் கூலி மட்டும் ஏறாமல் நிற்பதைக் கண்ட நெசவாளி, தன் மகனாவது இக்குழியில் இறங்காதிருக்க வேண்டும் என்று தவிக்கிறான். தனக்கு எழுத்தறிவித்த வழி அடியொன்றே என்று நம்புகிறான். தான் பார்த்துக்கொள்ள நேரமில்லாத பிள்ளையை ஆசிரியர் கையில் முழுமையாக ஒப்படைப்பதே கடமை என்று கருதுகிறான். அவனுடைய அன்பில் ஐயமில்லை. அந்த அன்பு கொடுக்கும் அனுமதிதான் தவறு.

அன்பினாலும் வறுமையினாலும் பெற்றோர் கொடுத்த மற்றோர் அனுமதியை இந்நகரம் நன்கு அறியும். காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வை: உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டும் இழையோடு இழை பிணைந்து பிரியாமல் நிற்கும் வேலைப்பாடு. அதற்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். நெசவாளி ஒரு பக்கம் இருக்க, மறு பக்கத்துக் கரைநாடாவை எறிந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகப் பல தலைமுறைகளாக அமர்த்தப்பட்டது குழந்தை. தறிக்காரரிடம் தகப்பன் முன்பணம் வாங்குவான், பணம் தீருமட்டும் பிள்ளை தறியடியில் இருக்கும், பணமோ தீராது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த சிறாரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. வேலையில் தவறினால் விழும் அடியையும் அவ்வறிக்கை பதிவு செய்தது.

அந்த முன்பணத்தை நியாயப்படுத்தியவர்களும் சம்மதத்தையே காட்டினார்கள். "பெற்றவன் ஒப்புக்கொண்டான், நடுவில் நீ யார்?" என்றார்கள். அதற்குரிய விடையை, முன்பணம் பெற்றுக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று விதித்ததன் மூலம், 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் கூறிவிட்டது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பின்தொடர்ந்தன. சட்டத்தோடு நில்லாமல், தறியிலிருந்து மீட்ட சிறாருக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தியும், வீடுவீடாகச் சென்று தாய்மாரிடம் பேசியும், அரசும் தொண்டு நிறுவனங்களும் உழைத்தன; சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்காக நடந்த இண்டஸ் திட்டத்திலும் காஞ்சிபுரம் ஒரு மாவட்டமாக இருந்தது. பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் உரிமை பெற்றவனுக்கும் கிடையாது என்பதை இவ்வூர் இவ்வாறு, தாமதமாகவேனும், கற்றுக்கொண்டது. பிள்ளையின் உடலைப் பிரம்புக்கு ஒப்படைக்கும் உரிமையும் பெற்றவனுக்குக் கிடையாது என்பது அதே பாடத்தின் அடுத்த பகுதி. அதைத்தான் நாம் இன்னும் படிக்கவில்லை.

இச்சம்மதத்துக்குச் சட்டத்திலும் ஒரு நிழல் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், காப்பாளராலோ அவருடைய சம்மதத்தின்பேரிலோ செய்யப்படும் செயல், சில வரம்புகளுக்கு உட்பட்டு, குற்றமாகாது என்றது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது. அதை மாற்றுவது தங்கள் அதிகாரத்தில் இல்லை. ஆனால் அந்த நிழலில் ஒதுங்க இடமில்லாமல், சம்மதத்தைப் பெற்றோரே பகிரங்கமாகத் திரும்பப் பெறும்படி செய்வது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது.

அடி பயன் தருமா என்பதையும் உணர்ச்சியை விலக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேய்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஐம்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, பெற்றோர் கையால் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் மிகுந்ததாகக் காணோம். முரட்டுத்தனமும், மனச்சோர்வும், பெற்றோரிடம் விலகலுமே மிகுந்து காணப்பட்டன. இதை அறிய நமக்கு வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. கணக்குத் தெரியாததற்காக அடிபட்ட பிள்ளை அடிக்குப் பின்பும் கணக்கை அறிவதில்லை. கணக்கு நடக்கும் நாளில் பள்ளிக்கு வராமலிருக்கும் வழியைத்தான் அறிகிறது. "நீ தறிக்குத்தான் லாயக்கு" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லப்பட்ட நெசவாளி மகன், அடியைவிட ஆழமான ஒரு காயத்தைப் பெறுவதோடு, தன் தகப்பன் செய்யும் தொழிலே ஒரு தண்டனை என்றும் கற்றுக்கொள்கிறான். வகுப்பறையை அஞ்சி ஓடும் பிள்ளைக்கு இவ்வூரில் ஒதுங்கும் இடம் எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரம்பு நம் மரபென்று வாதிப்போர் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் இருந்தது உண்மையே. ஆனால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒப்புமை கூறியிருக்க, கோதண்டத்தை மட்டும் மரபென்று எடுத்துக்கொண்டு அவற்றை மறப்பது எவ்வகை நியாயம்? கடம்ப வம்சத்தை நிறுவிய மயூரசர்மன் கல்வி கற்க வந்து சேர்ந்த கடிகை என்னும் கல்விச்சாலை இருந்த நகரம் இது. கல்வியை நாடி இங்கு வந்தவர்கள் பிரம்பை நாடி வரவில்லை. பிற்காலத்தில் காமராசர் காலத்து மதிய உணவு, பசித்த பிள்ளைகளை அச்சமூட்டாமலே பள்ளிக்குக் கூட்டிவந்ததும் நம் மரபுதான்.

ஆசிரியர்களின் கட்சியையும் நான் ஊன்றிக் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் உண்டு. நெருக்கமான வகுப்பில், வீட்டுச் சண்டையையும் குடியையும் கண்டுவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளிடையே, தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்கும் அதிகாரிகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பவர் ஆசிரியர். 2012இல் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவன் ஒருவனால் கொலையுண்ட கொடுமையை எந்த ஆசிரியரும் மறந்திருக்கமாட்டார். பிரம்பைப் பிரயோகிக்க வேண்டியதில்லை, ஆசிரியர் கையில் அது இருப்பதே நன்மை தரும் என்னும் கருத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2025இல் வெளியிட்டபோது ஆசிரியர் பலர் ஆறுதல் அடைந்ததிலும் வியப்பில்லை. ஆயினும், பிரயோகிக்காத பிரம்புக்கு மதிப்பு வருவதே என்றோ பிரயோகித்த நினைவினால்தான். ஆசிரியர் பாதுகாப்புக்கு வேண்டியது வேறு: அடிக்காதே என்று விதித்தவர்கள், அடிக்குப் பதிலாக என்ன செய்வதென்று கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், அதனைச் செய்யாமல் சுற்றறிக்கையோடு விட்டதே ஆசிரியருக்கு இழைக்கப்பட்ட அநீதி.

ஆதலால் தங்களிடம் நான் வேண்டுவன நான்கு.

முதலாவது, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், மூத்த மாணவர் அடங்கிய கண்காணிப்புக் குழு, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமின்றி ஒவ்வொன்றிலும் அமைந்திருக்கிறதா என்று தாங்களே நேரில் பார்க்க வேண்டும்; உறுப்பினர் பெயர்கள் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே என்பதனால், அடிக்கும் அனுமதியை எவருக்கும் அளிக்கவில்லை என்னும் தீர்மானம் அக்குழு ஒவ்வொன்றிலும் நிறைவேறவும், சேர்க்கைப் படிவத்தில் அது ஒரு வாசகமாக இடம்பெறவும் செய்ய வேண்டும். அக்குழுவின் கூட்டம் தறி ஓடும் நேரத்தில் நடந்தால், வருகிறவர் அன்றைய கூலியை இழப்பார், வராதவரே மிகுதியாவர். தறி ஓயும் வேளையில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் இடத்திலோ தெருக்கோயில் முகப்பிலோ கூட்டினால் தாய்மார் திரண்டு வருவார்கள். 1979இல் சுவீடனும், 2018இல் நம் அண்டை நாடாகிய நேபாளமும் வீட்டுக்குள் விழும் அடியையும் சட்டத்தால் விலக்கிய செய்தி அக்கூட்டங்களில் பேசப்படட்டும்.

மூன்றாவது, வகுப்பைக் குலைக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் படிப்படியாக எடுக்கத்தக்க நடவடிக்கைகளை எழுத்தில் வகுத்து, அதற்குரிய பயிற்சியையும், பல பள்ளிகளுக்குப் பொதுவாகவேனும் ஒரு மனநல ஆலோசகரையும் தர வேண்டும். அந்நடவடிக்கைகளைப் பின்பற்றிய ஆசிரியருக்கு அவமதிப்போ ஆபத்தோ நேர்ந்தால், தங்கள் அலுவலகம் அவர் பக்கம் நிற்கும் என்னும் உறுதியும் வேண்டும்.

நான்காவது, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்னும் கல்வி உதவி எண்ணும் ஒவ்வொரு பள்ளியிலும் எழுதப்பட வேண்டும். புகார் செய்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால், அதனை அடிக்கு நிகரான குற்றமாகத் தாங்கள் கருத வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், பெருநிதியும் வேண்டாம். பெற்றோராகிய எங்கள் பங்கை நாங்கள் செய்ய வேண்டும் என்பதையும் நான் மறக்கவில்லை. பிரம்படிக்கு அனுமதியில்லை என்னும் தீர்மானத்துக்காக இம்மாவட்டத்தில் கூடும் முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாங்கள் நாள் குறித்தால், அதை முன்மொழியவும், அதன்கீழ் முதற்கையெழுத்து இடவும் நான் வருவேன். என் தெருவில் வீடுவீடாகச் சென்று மற்றவர்களையும் அழைத்துவருவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
காஞ்சிபுரத்துப் பெற்றோருள் ஒருவன்