திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு நியாயம்

உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களைக் கணக்கிடுவோர் எவரும் திருகோணமலையை விட்டுவிடுவதில்லை. சுற்றிலும் குன்றுகள் அரண்செய்ய, கரையை அடுத்தே பெருங்கப்பல்கள் மிதக்கத்தக்க ஆழத்தோடு, பருவக்காற்றின் சீற்றம் எட்டாத அந்த நீர்ப்பரப்பை இயற்கை கொடுத்திருந்தும், அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஜனங்களுக்கு அதனால் விளைந்த பிரயோஜனம் மிகச் சொற்பமே என்பதை அதன் சரித்திரத்தைப் படிப்போர் வருத்தத்தோடு உணர்வர்.

ஐரோப்பிய வல்லரசுகள் அத்துறைமுகத்தின் மீது கண் வைத்ததற்குக் காரணம் நமது சோழமண்டலக் கரையிலேயே இருக்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகள் கட்டிய அந்நியர்களுக்கு அக்கரையில் புயலுக்கு ஒதுங்க ஓரிடம் இல்லாமையால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன்னரே ஆங்கிலேயரின் யுத்தக் கப்பல்கள் பழுது பார்க்கப் பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. திருகோணமலை எவர் வசமோ, அவருடைய கடற்படையே மழைக்காலத்திலும் வங்கக் கடலில் நிலைத்து நிற்கும். ஆகவேதான் 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து அதைக் கைப்பற்றினார். செப்டம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் அதன் எதிரே பொருதின. சமாதானத்துக்குப் பின் டச்சுக்காரரிடம் மீண்ட துறைமுகம், 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1620களில், போர்த்துக்கேயர் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பிற்காலத்தில் ஃபிரெடெரிக் கோட்டை என்று பெயர் பெற்ற அதன் வாயிற் கல்லில், தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் அவற்றோடு இரட்டைக் கயற் சின்னமும் இன்றும் காணக் கிடைக்கின்றன. வணங்குவதற்கென்று செதுக்கப்பட்ட கல்லைப் பீரங்கிக்கு மதிலாக்கிய அச்செயலே, அதன்பின் துறைமுகம் முழுமைக்கும் நேர்ந்த கதிக்கு முன்மாதிரியாயிற்று.

ஆங்கிலேயர் அங்கே கப்பற்படைத் தளத்தை வளர்த்தனர். ஆயினும் தீவின் வாணிபத்தை அங்கே வளர்க்க முற்பட்டாரில்லை. மலைநாட்டுக் காப்பியும் தேயிலையும் ஏற்றுமதியாவதற்கு, 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அஸ்திவாரமிட்டுச் செயற்கைத் துறைமுகம் ஒன்றை உண்டாக்கினர். பெருஞ்செலவில் மனிதர் கட்டிய துறைமுகம் வாணிபத்துக்கும், இயற்கை இனாமாகக் கொடுத்த துறைமுகம் யுத்தத்துக்கும் என்று அன்று செய்த பாகுபாடே கிழக்கிலங்கையின் பொருளாதாரத்தை நெடுங்காலம் முடக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். யுத்தத்தையே நம்பிய ஊரின் வாழ்வு, தொலைதூரத்து அதிகாரிகளின் கணக்கைப் பொறுத்தது: 1905இல் சிக்கனத்தின் பொருட்டுத் தளத்தின் கப்பற்பட்டறையை மூடினர், பின்னர் எண்ணெயால் இயங்கும் கப்பல்களின் காலம் வந்ததும் சீனக்குடாவில் ராட்சத எண்ணெய்க் குதங்களை வரிசையாக நிறுவினர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மறுபடியும் அதைத் தேடி வந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, அந்த யுத்தத்தை வேண்டாத ஊர் அதன் பலனை அனுபவித்தது.

இலங்கை சுதந்திரமடைந்த பின்னும் ஒன்பது ஆண்டுகள் தளம் ஆங்கிலேயரிடமே இருந்து, 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கா காலத்தில்தான் மீட்கப்பட்டது. அதற்குப் பின்னும் வல்லரசுகளின் நாட்டம் தணியவில்லை. 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் அத்துறைமுகமும் குதங்களும் இடம்பெற்றன. 2022இல் அந்த 99 குதங்களையும் பங்கிட்டு மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

சமுத்திரம் சூழ்ந்த ஒரு தேசத்துக்குக் கடற்படை அவசியமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடற்படைக்கும் வாணிபத்துக்கும் ஒருங்கே இடம் கொடுக்கும் விசாலம் அந்தக் குடாவுக்கு உண்டு. ஒரு மாவாலையும் ஒரு சிமெந்து ஆலையும் போன்ற சிலவற்றோடு நின்றுவிட்ட தொழில் வளர்ச்சி, கப்பல் பழுதுபார்ப்பு, மீன்பதனம், கிழக்கு மாகாணத்தின் நெல்லும் பிற விளைபொருளும் ஏற்றியிறக்கும் பண்டகசாலைகள் என்று விரிவடைய வேண்டும். அத்தொழில்களுக்கான பயிற்சியில் அந்த மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களுக்கு முதலிடம் தர வேண்டும். எந்த அந்நிய அரசோடு எந்த ஒப்பந்தம் செய்யினும், கையெழுத்திடுவதற்கு முன்னரே அதன் வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரசுரித்து, மூதூர், கிண்ணியா, திருகோணமலை மீனவர் சங்கங்களின் கருத்தைக் கேட்பது அரசின் கடமை. இந்தியாவும் தன் பாதுகாப்பை உத்தேசித்து அங்கே கொண்டுள்ள அக்கறை, கரையில் வாழ்வோருடைய பிழைப்பின் மீதான அக்கறையாகவும் விரியுமாறு நடந்துகொள்ளல் வேண்டும். நானூறு ஆண்டுகளாகத் துறைமுகத்தைப் பற்றிப் பேசியவர்களெல்லாம் தத்தம் கப்பல்களைக் குறித்தே பேசினர். இனி செய்யப்படும் எந்த ஏற்பாடும், அக்கரையில் எத்தனை குடும்பங்களுக்கு அதனால் சோறு கிடைத்தது என்பதைக் கொண்டே மதிக்கப்பட வேண்டும்.