வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி!

ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். பள்ளிவாசல் படியருகே துண்டை விரித்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஊன்றுகோல். கையில் வெளியூர் ஜமாஅத் முத்திரையிட்ட கடிதம். இவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள், செயற்கைக் கால் வாங்க உதவுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. பத்தோ இருபதோ போடுகிறோம். "அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விடுகிறோம்.

இந்தக் கால் ஏன் போனது? காப்பாற்ற வழி இருந்ததா? நம்மில் யாராவது கேட்டோமா?

விபத்தில் போன கால்களைப் பற்றி இங்கே பேசவில்லை. இரத்தம் வந்து சேராமல் அழுகிப் போகும் கால்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. வருடக்கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் வருகிறது.

முதலில், நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சரியாகும். வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒரே மூச்சில் நடந்தவர், வழியில் இரண்டு இடத்தில் நிற்பார். "வாதம், வயசாயிடுச்சு" என்பார். தைலம் தேய்ப்பார். பிறகு, படுத்தாலே பாதம் எரியும். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் தூக்கம் வரும். அதன் பிறகு விரலில் ஒரு சிறு புண். அது ஆறாது. விரல் கறுக்கும். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி மரத்துப் போயிருந்தால் வலிகூடத் தெரியாது. புண்தான் முதல் செய்தியாக இருக்கும்.

இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? தாயத்துக் கட்டுகிறோம். ஓதி ஊதிய எண்ணெயைத் தடவுகிறோம். நாட்டு மருந்து என்று எதையோ அரைத்து வைத்துக் கட்டுகிறோம். மூன்று மாதம் கழித்து நாற்றம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம். உயிர் பிழைக்க வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். உடனே, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம்!

சகோதரர்களே! நாட்டம் அவனுடையதுதான். மூன்று மாதத் தாமதம் யாருடையது?

அடைபட்ட இரத்தக் குழாயைத் தாண்டி இரத்தத்தைக் கொண்டு போக இன்று வழி இருக்கிறது. ஊருக்குள் பாலம் உடைந்தால் லாரிகள் பைபாஸ் ரோட்டில் போவதில்லையா? அதே வேலைதான். நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலே தொடையிடுக்கிலும், அடைப்புக்குக் கீழே முழங்கால் அல்லது கணுக்கால் பக்கத்திலும் இணைக்கிறார்கள். இதயத்திற்கு மட்டுமல்ல, காலுக்கும் பைபாஸ் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இது புதுமையும் அல்ல. 1948ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் ழான் குன்லின் என்ற மருத்துவர் சிரையைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்.

அறுக்காமல் பலூன் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையும் வந்துவிட்டது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஸ்கேனையும் ஆஞ்சியோவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். 1,830 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. நல்ல சிரை உள்ளவர்களுக்கு, முதலில் பலூன் வைப்பதைவிட முதலிலேயே பைபாஸ் செய்வதில் பலன் அதிகம் என்று அது காட்டியது. எல்லாக் காலையும் காப்பாற்ற முடியும் என்று நாம் சொல்லவில்லை. அழுகல் மேலே ஏறி உயிருக்கு ஆபத்து வந்துவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது மறுப்பதும் தவறு. ஆனால் அந்த நிலை வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: "இரத்தக் குழாய் அறுவை மருத்துவர் இந்தக் காலைப் பார்த்தாரா?"

கால் இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல, உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை நாம் மிம்பரில் சொல்வோம். இதை எழுதுபவனும் பலமுறை சொல்லியிருக்கிறான். பயணத்தில் அவர்களுடைய கால் அழுகியது, எடுக்கப்பட்டது, பொறுமை காத்தார்கள். ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மதீனாவின் மாபெரும் மார்க்க மேதையான அவர்கள், மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டார்கள்! அன்று மருத்துவர்களிடம் இருந்தது அந்த ஒரு வழிதான். இன்று வேறு வழியும் இருக்கும்போது, அதைத் தேடாமல் உர்வா (ரஹ்) அவர்களின் பொறுமையை மட்டும் பேசுவது நியாயமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

இன்னொரு கசப்பான உண்மை. இந்த நோய்க்கு முதல் காரணங்களில் ஒன்று புகை. பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே கை கால் விரல்கள் கறுத்துப் போகும் தனி நோயே உண்டு. அதில் சிறு குழாய்கள்கூட அடைபட்டுவிடுவதால் பல பேருக்கு பைபாஸ் செய்யவும் இடம் இருக்காது. புகையை அடியோடு விடுவதுதான் மருந்து. நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே சிகரெட் பெட்டி! விற்பவர் நம்மவர். பிடிப்பவர் நம்மவர். காலை இழந்து பள்ளிவாசல் படியில் உட்காருபவரும் நம்மவர். அந்த லாபம் நமக்குத் தேவைதானா என்று வியாபாரிகள் சிந்திக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

1. ஐவேளை உளூவில் காலைக் கழுவுகிறோம். விரல்களுக்கு இடையே கோதிக் கழுவுகிறோம். அப்போது பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் அடுத்த நாளே மருத்துவரிடம் போங்கள். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

2. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது. இளைஞர்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் கண்ணாடி, சர்க்கரை சோதனையோடு இதையும் சேர்க்க வேண்டும்.

3. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தக் குழாய் அறுவைக்கென்றே தனித்துறை இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை நம் மஹல்லாவில் எத்தனை ஏழைக் குடும்பங்களிடம் இருக்கிறது? கணக்கெடுங்கள். இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள்.

4. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் கடனாளிகளும் இருக்கிறார்கள். கால் போன பிறகு கட்டை வாங்கக் கொடுக்கும் பைத்துல்மால், கால் இருக்கும்போதே ஆஞ்சியோவுக்கும் பஸ் செலவுக்கும் துணைக்குப் போகும் ஆளுக்கும் கொடுக்கட்டும்.

ஒரு கால் போனால் ஒரு மனிதர் மட்டும் நொண்டுவதில்லை. கடை மூடப்படுகிறது. மகனின் படிப்பு நிற்கிறது. மகளின் திருமணம் தள்ளிப் போகிறது. குடும்பமே நொண்டுகிறது.

அடுத்த ஜும்ஆவில் துண்டு விரித்திருக்கும் சகோதரருக்கு உதவுங்கள். அதோடு நின்றுவிடாமல், உங்கள் தெருவில் இரவெல்லாம் காலைத் தொங்கப் போட்டபடி விழித்திருக்கும் இன்னொரு சகோதரரைத் தேடிப் போங்கள். அவருடைய கால் இன்னும் இருக்கிறது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!