கீதாவின் முதலெழுத்து 'க' அல்ல

படம் போடாவிட்டால் பெயரின் முதலெழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டும் ஆப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 'கீதா' என்று தமிழில் பதிந்து பாருங்கள். சிலது 'கீ' காட்டாது, 'க' காட்டும். மீனா 'ம' ஆகிவிடுவாள், சிவா 'ச' ஆகிவிடுவான். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டு, "தமிழை யாரும் மதிக்கிறதில்லை" என்று நாலு நாள் கதைக்கிறோம். ஐந்தாம் நாள் மறந்துவிடுகிறோம்.

எனக்கு இந்தப் புலம்பல் அலுத்துவிட்டது.

இங்கே பிரச்சினை மதிப்பு அல்ல, எண்ணிக்கை. யூனிகோடில் 'கீ' என்பது 'க' ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ஃபிளட்டர் ஆப்புகள் எழுதப்படும் டார்ட் மொழியிடம் 'நிலா'வின் நீளத்தைக் கேட்டால் 4 என்று சொல்லும். கோட்லினும் 4 என்றுதான் சொல்லும். ஸ்விஃப்ட் 2 என்று சொல்லும். டார்ட்டிலும் 'கேரக்டர்ஸ்' என்ற பேக்கேஜைப் பயன்படுத்தினால் 2 கிடைக்கும். வட்டம் வரையும் லைப்ரரியை எழுதியவர் முதல் எழுத்துக்குப் பதிலாக முதல் குறியீட்டை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் தெரியாதது குற்றமில்லை. ஆனால் கோட் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்போது, தமிழ் தெரிந்தவர் திருத்தாவிட்டால் வேறு யார் திருத்துவது?

"எனக்கு அவ்வளவு தமிழ் வராதே" என்பீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 247 எழுத்து அட்டவணையைப் பார்த்தவர்தானே நீங்கள்? 'கீ' ஒரே எழுத்து என்று தெரிந்தால் போதும்.

"பெரிய கம்பனிகளுக்கு ஏன் சும்மா உழைக்க வேண்டும்?" இது நியாயமான கேள்வி. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் வரும் கோடை எந்தக் கம்பனியும் காசு கொடுக்காமல் எடுத்து விற்கலாம். உங்கள் திருத்தத்தையும் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக முறைப்பாடு எழுதினால் ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டும். லைப்ரரியில் ஒரு வரியைத் திருத்தினால், அதன் புதிய பதிப்பை எடுக்கும் எல்லா ஆப்பும் ஒன்றாகத் திருந்தும். அம்மம்மாவின் ஃபோனிலும் அவர் பெயர் சரியாகத் தெரியும்.

உண்மையில் பலர் கைவிடுவது செட்அப்பில்தான். அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் பங்களிப்பு விதிகள் உள்ள கோப்பை வாசியுங்கள். ஃபோர்க் செய்து, குளோன் செய்து, எதையும் தொடுவதற்கு முன் இருக்கிற டெஸ்ட்களை ஓட்டிப் பாருங்கள். அப்போதே ஏதாவது தோற்றால் கோளாறு உங்கள் கணினியிலா, அவர்கள் கோடிலா என்று கண்டுபிடியுங்கள். பிறகு புதிய பிராஞ்ச் எடுத்து, 'கீதா' கொடுத்தால் 'கீ' வர வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அது தோற்கும். இப்போது கோடைத் திருத்துங்கள், டெஸ்ட் தேறும். அதன் பிறகுதான் புல் ரிக்வெஸ்ட். ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற பெரிய திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்துக் கேட்கும், வாசித்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். ரெசுமேயில் ஒரு வரி சேர்ப்பதற்காக ரீட்மீ கோப்பில் ஒரு கமாவை மாற்றி அனுப்பாதீர்கள். 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில் டி-ஷர்ட்டுக்காக அப்படி வந்து குவிந்த குப்பையால், விரும்பிச் சேரும் திட்டங்களை மட்டும் கணக்கில் எடுப்பது என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் குப்பையை அள்ளியவர்களில் பலர் வேலை முடிந்து வந்து இரவில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். உங்களுக்குப் பதில் தாமதமானாலும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய வரியை நாளைக்கு இன்னொருவர் மாற்றி எழுதலாம். ஆனால் 'கீதா' என்ற அந்த டெஸ்ட் அங்கே இருக்கும்வரை, தமிழே தெரியாத ஒருவர் தவறுதலாக 'கீ'யை உடைத்தால் அது சிவப்பாகித் தடுக்கும். ஸ்கிரீன்ஷாட்டால் அது முடியாது.