அந்தக் கயிற்றை இழுக்கலாமா?

'புது சாஃப்ட்வேர் வந்தாச்சு, இனி எல்லாம் சரியாகிடும்' என்று மீட்டிங்கில் சொல்லக் கேட்காதவர்கள் இன்று குறைவுதான். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பழைய நோட்டுப் புத்தகம் மறுபடி மேஜைக்கு வந்திருக்கும். கோளாறு கருவியிலா, ஆட்களிடமா என்று கேன்டீனில் பட்டிமன்றம் ஓடும். அந்தப் பட்டிமன்றத்துக்கு இந்த வாரம் ஒரு கார் தொழிற்சாலையைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அந்த நிறுவனத்திலேயே படுமோசமான ஆலை என்று பெயர் வாங்கியது அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடித்தார்கள். மேனேஜர் மீதுள்ள கோபத்தில், ஓடும்போது கடகடவென்று சத்தம் வரட்டும் என்று காரின் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடியவர்களும் உண்டு!

அங்கே இருந்த ஒரே விதி, லைன் நிற்கக் கூடாது. பாகத்தைத் தப்பாகப் பொருத்திவிட்டது கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாராவது பிரித்துச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். 1982-ல் ஆலையை இழுத்து மூடினார்கள்.

இரண்டே வருடத்தில் அதே கட்டடம் மறுபடி திறந்தது. இந்த முறை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாளிகள், பெயர் 'நம்மி'. நிர்வாகம் டொயோட்டாவின் கையில். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர், அந்த 'திருந்தாத' பழைய ஆட்களேதான். தொழிற்சங்கமும் பழையதுதான்.

அவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆலையில் சில வாரம் வேலை பழக்கினார்கள். அங்கே லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பெயர் 'ஆண்டான்'. வேலையில் சின்னச் சிக்கல் என்றாலும் தொழிலாளி அதை இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வந்து 'என்ன பிரச்னை' என்று கேட்டு உதவுவார். அதற்குள் சரியாகவில்லை என்றால் லைனே நின்றுவிடும். இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. லைனை நிறுத்தினால் வேலையே போகும் என்ற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

(செய்தி வெளியான பிறகு தலைப்பில் பிழையைப் பார்த்துவிட்டு, சீனியரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தவள் நான். எனக்கு அந்தக் கயிறு கொஞ்சம் புரிகிறது.)

கயிறோடு வேறு சிலவும் மாறின. மேனேஜர்களுக்கென்று இருந்த தனி சாப்பாட்டு அறையும் தனி பார்க்கிங்கும் போயின. ஏகப்பட்ட வேலைப் பிரிவுகள் ஒரு சிலவாகச் சுருங்கின. ஆட்குறைப்பைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வோம் என்று சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1988-ல் விற்பனை படுத்தபோது அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. யாரையும் வெளியே அனுப்பவில்லை, உபரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கயிற்றை இழுக்கிற தைரியம் இந்த வாக்கிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், இன்றைக்குத் தன் தப்பை ஊரறிய ஏன் சொல்லப்போகிறார்?

விளைவு? வேலைக்கு வராதோர் எண்ணிக்கை மிகச் சில சதவிகிதமாக இறங்கியது. காரின் தரம் ஜப்பான் ஆலையை எட்டிப் பிடித்தது. இத்தனைக்கும் நம்மியில் அதிநவீன எந்திரங்கள் எதுவும் கிடையாது. அதே 80-களில் ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற ஆலைகளில் பல ஆயிரம் கோடி டாலரை எந்திரங்களில் கொட்டியது. ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றுக்கொன்று பெயின்ட் அடித்துக்கொண்டதாகச் செய்தி வந்ததும் அப்போதுதான்.

சரி, நம்மியைக் காப்பியடிக்கலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். அதே மாநிலத்தில் வான் நைஸ் ஆலைக்கும் கயிறு போனது. ஆனால் அங்கே மேலாளர்களை எடைபோட்டது எத்தனை கார் வெளியே வந்தது என்ற கணக்கை வைத்துத்தான். கயிற்றை இழுத்தால் அவர்கள் முகம் சுளித்தார்கள். ஆலையை மூடிவிடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவே வந்த திட்டம் என்பதால், தொழிலாளர்களில் பாதிப் பேர் அதைச் சூழ்ச்சியாகவே பார்த்தார்கள். கயிறு பாட்டுக்குத் தொங்கியது. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

நம்மியின் கதையும் சுபம் இல்லை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, கூட்டிலிருந்து விலகியது. தனியாக நடத்த டொயோட்டா விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. 1988-ல் ஒருவரையும் அனுப்பாத ஆலையில், அன்று ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு கட்டடத்தை வாங்கிய நிறுவனம் டெஸ்லா. இப்போது அங்கே உருவாவது மின்சார கார்கள்.