வந்து போன கணக்கு

மரியாயின் சேனைப் பெண்கள் ஓராண்டில் செய்த சேவைகளின் அறிக்கை ஒன்று கைக்கு வந்தது. முக்கூடல் வட்டாரத்துப் பங்குதான். பங்கின் பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு அந்த ஒரு சாமியாரைப் பற்றியதாக, அந்த ஒரு தலைவியைப் பற்றியதாக ஆகிப்போகும். நமக்கு அறிக்கையோடுதான் வழக்கு. இரண்டு பக்கம். வீடு சந்தித்தது இத்தனை, நோயாளிகளைப் பார்த்தது இத்தனை, சாகக் கிடந்தவர்களுக்கு அவஸ்தை பூச ஏற்பாடு செய்தது இத்தனை, துக்க வீடுகளில் செபமாலை சொன்னது இத்தனை, கோவிலை விட்டு விலகியவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது இத்தனை, மந்திரிக்காமல் கிடந்த கலியாணங்களை மந்திரிக்க வைத்தது இத்தனை. கூட்டல் எல்லாம் சரி. கடைசியில் எல்லாம் மாதாவின் மகிமைக்கே என்று முடிகிறது.

வாசித்துக்கொண்டே போகும்போது ஒன்று உறைக்கிறது. சந்திக்கப்பட்டவர்கள், விலகியவர்கள், மந்திரிக்காதவர்கள் என்று வருகிற இடமெல்லாம் நம் தெருவாகவே இருக்கிறது. சந்தித்தவர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள். சந்திக்கப்பட்டவர்கள் எழுதிய கணக்கு என்று ஒரு காகிதம் இதுவரை எந்தப் பங்கிலும் வாசிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பற்றி வீட்டுக்காரர் சொல்ல ஒன்றுமே இருக்காதா?

சேனையின் பூர்வீகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1921 செப்டம்பர் 7, அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரம், மைரா ஹவுஸ் என்ற வீடு. மேசையில் வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுவர்த்தி. பிராங்க் டஃப் என்ற அரசாங்க ஊழியரும் ஒரு சாமியாரும் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் பெண்கள். ஏழைகளை அடைத்து வைத்திருந்த அரசாங்க விடுதியின் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே கிடந்த பெண்களை இருவர் இருவராகப் பார்ப்பதுதான் முதல் வேலை. அடுத்த வருஷம், 1922இல், தெருவில் உடம்பை விற்றுப் பிழைத்த பெண்கள் தங்கியிருந்த இடங்களுக்குள்ளேயே நுழைந்து, அவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்க ஒரு வீடு திறந்தார்கள். அந்த ஊர் மரியாதைக்காரர்கள் கால் வைக்காத இடம் அது. வெள்ளைத் துணியும் பூச்சாடியும் மெழுகுவர்த்தியும் கொஞ்சமும் மாறாமல் தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கால் வைக்காத இடத்தில் கால் வைத்த துணிச்சல் மட்டும் நடுவழியில் எந்தத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டதோ.

சேனைக்கு ஒரு விதி உண்டு. போகிற வீட்டில் பொருளுதவி செய்யக்கூடாது. அரிசி, சேலை, ரூபாய் எதுவும் கூடாது. நம் தோழர்கள் இதைச் சொல்லித்தான் அதிகம் சிரிப்பார்கள்: பசிச்சவனுக்குச் செபமாலையா என்று. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. அரிசி கொண்டு வருகிறவள் திண்ணை மேல் நிற்பாள்; வாங்குகிறவள் கீழே முந்தி ஏந்தி நிற்பாள். கிறிஸ்துமஸ் சேலை வாங்கக் கெபி முன்னால் வரிசையில் நின்ற தெருவுக்கு இது தெரியாததல்ல. வெறுங்கையோடு வருகிறவள் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை, ஆகவே கொடுக்கக்கூடியவர் வீட்டுக்காரர் மட்டும்தான். என்ன கொடுப்பார்? தண்ணீர் கொடுப்பார்.

இங்கேதான் விவகாரம் தொடங்குகிறது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "வருவாவ. பாய விரிச்சா உக்காருவாவ, அதுல கொறயில்ல. நல்லாத்தான் பேசுவாவ, பிள்ளைக்குக் காய்ச்சலான்னு தொட்டுக்கூடப் பாப்பாவ. தண்ணி மோந்து குடுத்தா, இப்பத்தாம்மா குடிச்சிட்டு வாரோம்னுவாவ. உச்சி வெயில்ல நாலு தெரு நடந்து வந்தவளுக்குத் தாகம் எடுக்காதா? கடையில கலரு வாங்கியாந்து வச்சா குடிப்பாவ. அது அடைச்சு வந்தது பாத்துக்க, மூடிய ஒடச்சாப் போதும். நம்ம கொடத்துத் தண்ணிதான் தொண்டையில எறங்காது."

இதைச் சொல்லும்போது பெரியம்மாவின் கை நிற்கவில்லை. சுளவில் பீடி சுற்றிக்கொண்டே சொன்னார். முக்கூடலின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது சொக்கலால் பீடி. இந்த ஆற்றுப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது. இலையை வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும். நனைப்பது எந்தத் தண்ணீரில்? அதே குடத்துத் தண்ணீரில்தான். அந்தப் பீடியை மேலத்தெருவும் வாயில் வைக்கிறது, அசலூரும் வாயில் வைக்கிறது. பீடிக்கு இல்லாத தீட்டு தம்ளருக்கு எப்படி வந்தது என்று யாராவது வேதசாஸ்திரி விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கையில் 'சந்தித்த வீடுகள்' என்ற கட்டம் இருக்கிறது. 'தண்ணீர் குடித்த வீடுகள்' என்று ஒரு கட்டம் போட்டுப் பார்க்கட்டும். அப்போது தெரியும் கூட்டுத்தொகை.

இருவர் இருவராகப் போவது என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. யாரோடு யார்? நம் தெருப் பெண்களும் சேனையில் இருக்கிறார்கள், பல இடங்களில் அவர்கள்தான் அதிகம். அவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கு அவர்கள் போவார்கள். புழுப்பிடித்த புண்ணுக்கு முன்னால் அவர்கள் உட்காருவார்கள். அநாதைப் பிணம் என்றால் குளிப்பாட்ட அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் சேவை செய்யவேண்டும் என்பது சேனையின் ஏற்பாடு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்பது சுளவில் குறைகிற பீடி. அதையும் பொறுத்துக்கொண்டுதான் வருகிறாள். ஆனால் எங்கள் தெருப் பெண் மேலத்தெரு வீடு ஒன்றைச் 'சந்தித்ததாக' அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. மேலத்தெருவில் நோயாளி கிடையாதா, விலகினவர் கிடையாதா, வீட்டில் சண்டை கிடையாதா? சந்திப்பு என்பது ஒரே திசையில் ஓடுகிற வாய்க்காலாக இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் முக்கூடற்பள்ளு பாடம் நடத்துவார்கள். நயம் பாராட்டி முடியாது. அந்த முக்கூடல் இந்தப் பீடி ஊர் இல்லை, சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற சீவலப்பேரிப் பக்கம் என்பார்கள். இருக்கட்டும், ஆறு ஒன்றுதான். அதில் பண்ணைக்காரன் கணக்குக் கேட்பான். பள்ளன் விதை வகை, மாட்டு வகை, ஏர் வகை என்று ஒப்பிப்பான். வித்துப் பெயர்களின் அழகைப் பற்றிப் பேராசிரியர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். கணக்குப் பிசகினால் தொழுவில் மாட்டப்படுகிறவன் யார் என்ற இடத்தில் வேகமாகப் பக்கம் புரளும். (பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுக்கும் தேவேந்திரகுல வேளாளர் என்று 2021இல் சட்டம் பெயர் கொடுத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் பாட்டு அப்படியே இருக்கிறது.) அந்தப் பள்ளிலிருந்து இந்த அறிக்கை வரைக்கும் ஒரு ஒழுங்கு மாறவில்லை: நம்மைப் பற்றிய கணக்கு மேலே போகும். மேலே இருந்து நமக்கு ஒரு கணக்கும் வராது.

இனி அறிக்கையில் எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற வரி. 'கோவிலை விட்டு விலகியவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது.'

ஏன் விலகினார்கள் என்று கேட்டீர்களா அம்மா? 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானவன் வெளியேதான். தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் விழுகிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்குக் கிடையாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்ற கிறிஸ்தவத் தொழிலாளி, இந்துவான செருப்புத் தொழிலாளிக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கிலும் கிடையாது என்றார்கள். குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றதும், கோவிலுக்குப் போய்வந்ததும் அவருக்கு எதிராக நின்றன. சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம்.

இப்போது அந்த நோட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். இன்ன தெரு, இன்ன வீடு, விலகியிருந்தார்கள், பேசினோம், பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள், கலியாணம் மந்திரிக்கப்பட்டது. உங்களுக்கு அது ஆத்தும இரட்சணியம். அந்த வீட்டுப் பையனுக்கு அது தாசில்தார் ஆபீஸ் சாட்சி. காலேஜ் இடமும் ஹாஸ்டல் சோறும் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் செபமாலை சொல்கிறாள். அவளை விசுவாசம் குறைந்தவள் என்று கட்டம் கட்டி எழுதுகிறீர்கள். அவள் விசுவாசத்துக்கு அவள் கொடுக்கிற விலையில் நயா பைசா நீங்கள் கொடுத்ததுண்டா? சந்தித்த வீட்டு ரகசியத்தை வெளியே விடக்கூடாது என்று உங்கள் சேனையிலேயே கண்டிப்பான விதி இருக்கிறது. அதையாவது காப்பாற்றுங்கள். எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள், தெருப் பெயர் எழுதாதீர்கள், கோவிலில் சத்தம்போட்டு வாசிக்காதீர்கள்.

திருச்சபை இதற்காகப் போராடவில்லையா என்று கேட்பார்கள். ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாள் என்று அனுசரிக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், நாமும் கூடப் போகிறோம். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் மதில் எழுப்பியதும் கத்தோலிக்கர்கள்தான். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளை நொறுக்கியதும் அதே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தான். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது.

நம் பக்கத்து வடக்கன்குளத்துக்கு வாருங்கள். ஒரே பீடம், இரண்டு கால் மாதிரி இரண்டு கட்டு, வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே தடுப்பு. வழக்கம், மாமூல், தொட்டால் ரத்தம் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1910இல் கௌசானல் சாமியார் இடித்துப்போட்டார். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். அந்த வழக்கில் வாதியும் நாமில்லை, பிரதிவாதியும் நாமில்லை என்றாலும், இடிக்க நினைத்தால் இடிக்கலாம் என்பதற்கு இந்த ஜில்லாவே சாட்சி.

துக்க வீட்டில் செபமாலை சொன்ன கணக்கு இருக்கிறதே, அதோடு இரண்டு கேள்வி. செபமாலை முடிந்ததும் பிணத்தை எந்தத் தூம்பாவில் வைத்தார்கள், எந்தத் தெரு வழியாக எடுத்துப்போனார்கள்? சேனைப் பெண்கள் பின்னாலேயே நடந்து போகிறவர்கள். அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தும் எழுதாததற்கு அறிக்கையில் கட்டம் இல்லை என்பது ஒரு சாக்கு.

'ஆயரை விட்டுவிட்டு, சம்பளமில்லாமல் உழைக்கிற அப்பாவிப் பெண்களையா பிடிப்பது?' என்று ஒரு தோழர் கேட்டார். ஆயரையும் கேட்போம். ஆனால் ஆயர் என் வீட்டுப் பாயில் வந்து உட்காருவதில்லை. இவர்கள் உட்காருகிறார்கள். நம் இயக்கங்களில் எத்தனை பேர், கூட்டத்துக்கு ஆள் திரட்டுவதைத் தவிர, வாரா வாரம் இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு கிழவியின் இடுப்புவலியைக் கேட்டிருக்கிறோம்? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது மடத்துக்குள் நடப்பதைப் படித்துப் பரபரத்தோம். மடத்துக்கு வெளியே, தாலியும் பிள்ளையும் பீடிச் சுளவுமாக இருந்துகொண்டு சேவை செய்கிற பெண்களைப் பக்திப் பைத்தியங்கள் என்று ஒதுக்கினோம். இந்த ஊரின் எல்லாத் தெருவுக்கும் உரிமையோடு நடந்துபோக அனுமதி இருக்கிற ஒரே கூட்டம் அவர்கள்தான். அதனால்தான் அவர்களிடம் கேட்கிறேன்.

முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று மத்திய அரசு ஆஸ்பத்திரி நடத்துகிறது. நோயாளியைச் சந்திக்கப் போகிறவர்கள் அவளிடம் பாஸ் புத்தகம் இருக்கிறதா, அது அவள் பேரில் இருக்கிறதா என்றும் கேட்கலாம். பொருளுதவி விதியை அது மீறாது. மேலத்தெருத் தலைவி எங்கள் தெருச் செயலரைக் கூட்டிக்கொண்டு முதலில் தன் சொந்தக்காரர் வீட்டைச் சந்திக்கலாம். அதற்கும் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

அடுத்த ஆண்டறிக்கையைக் கோவிலில் வாசிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் தெருவில் வாசியுங்கள். நாங்கள் சொல்வதையும் எழுதிச் சேர்த்து, பிறகு சாமியாரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பீடிக்கடை கிடையாது. நாலு மணிக்கு மேல் எல்லாரும் வீட்டில்தான் இருப்போம்.